முகம் தேய்ந்த குதிரைவீரன்

ஏலக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, நான். அண்ணன் இல்லை. அவன் மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பகல் வேலையில் நின்றான். அப்பாவைக் கண் டொக்டரிடம் காட்டப் போகிறோம் என்று அம்மா அவனுக்குச் சொல்லியிருந்தார். பொய் என்று சொல்ல ஏலாது. போன கிழமை காட்டினோம்தானே. சந்தியோகுமையோர் அன்றைக்கு அங்கே இருந்தாரா இல்லையா என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சந்தியோகுமையோர், இங்கே சென் ஜேம்ஸ் என்பார்கள், எங்களுடைய ஊர்க் கடற்கரைக் கோயிலின் பாதுகாவலர். குதிரையில் ஏறி, வாளை ஓங்கிக்கொண்டு நிற்பார். தான் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் அது அவருடைய வேலை என்றுதான் அப்பா நம்பினார். நாங்கள் கனடாவில் முதன்முதல் குடியிருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பதினாலாம் மாடியில். அதுவும் அவருடைய பேரில் உள்ள இடம், பார்த்துத்தான் கொண்டுவந்து விட்டவர் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். பிறகு மில்லிக்கனில் வீடு வாங்கி வந்தோம். அதில் புனிதருக்கு எவ்வளவு பங்கு, வங்கிக்கு எவ்வளவு பங்கு என்பதில் வழக்கு இருக்கிறது.

இந்த வருடம் திருவிழாவுக்கு அப்பா ஊருக்குப் போவதாக இருந்தது. சீனி வருத்தம் அவருடைய இரண்டு கண்ணையும் தின்றுகொண்டிருந்தது. பார்வை இருக்கிறபோதே சந்தியோகுமையோரை ஒருக்கால் நேரே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஒரே ஆசை. அண்ணன் அம்மாவுக்கும் சேர்த்து ரிக்கெற் போட்டான். பெட்டி கட்டத் தொடங்கிய கிழமையில் வலது கண்ணின் உள்திரை கழன்றுவிட்டது. அவசரமாக வெட்டி, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழை ஏற்றிவிட்டார்கள். அந்தக் குமிழ் கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. அது கரைவதற்குள் திருவிழா முடிந்துவிடும். அடுத்த வருடம் போகலாம் என்று நாங்கள் டொக்டரிடம் சொன்னோம். இடது கண்ணும் அதே வழியில்தான் போகிறது என்று மட்டும் சொன்னார். தண்டம் கழித்து ரிக்கெற் காசில் இரண்டாயிரம் டொலர் அம்மாவின் கணக்குக்குத் திரும்பி வந்தது.

இன்னொரு கட்டளையும் இருந்தது. குமிழ் சரியான இடத்தில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமென்றால், முகத்தை நிலத்தைப் பார்த்தபடியே வைத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும், நடக்கும்போதும், செபிக்கும்போதும். வாழ்க்கை முழுக்கத் தொடுவானத்தைப் பார்த்துப் பழகிய மனிதர் இப்போது தன் சொந்த மடியை மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்.

நான் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அண்ணன், அவனும் பத்தோடு வேலைக்குப் போய்விட்டான். அதற்கு மேலே போனது நான்தான். மகன் என்ன படிக்கிறான் என்று கோயில் வாசலில் அங்கிள்மார் கேட்டால், அம்மா "கொம்பியூட்டர் மாதிரி ஒண்டு" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். ஒரு குளிர்காலம் முழுக்க நான் எழுதிய கட்டுரை, ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலிய நகரங்களில் செய்த சின்ன வெண்கலப் புடைப்புத் தகடுகளைப் பற்றியது. உள்ளங்கைக்குள் அடங்கும். மெழுகில் செதுக்கி, வெண்கலத்தில் வார்ப்பார்கள். அதில் அவர்கள் விரும்பிச் செய்தது போர்க்களங்கள். அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு முழுச் சண்டை. அவை சுவரில் மாட்டுவதற்குச் செய்தவை இல்லை. நண்பர்கள் வந்தால் பெட்டியிலிருந்து எடுத்து, கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பதற்குச் செய்தவை. கைக்காகச் செய்த ஒரு பொருளைப் பற்றி முப்பது பக்கம் எழுதினேன். ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. எல்லாம் மியூசியத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன.

அப்போதுதான் நகரத்தின் கிழக்குப் பக்கத்து ஏலக்கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் அதைக் கண்டேன். 'போர்க் காட்சி, வெண்கலம், பிற்கால வார்ப்பு.' பிற்கால வார்ப்பு என்றால் முதல் வார்ப்பிலிருந்து அச்செடுத்துத் திரும்ப வார்த்தது. ஒவ்வொரு முறையும் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கும், அளவும் ஒரு நூல் சுருங்கும். அதனால் பெரிய மியூசியங்கள் அதைத் திரும்பிப் பார்க்காது. ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு ஆரும் வந்து பார்க்கலாம், கையில் எடுத்தும் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன்.

அப்பாவைத் தனியே விடவும் ஏலாது, அவருக்கும் வீட்டுக்குள் விசர் பிடிக்கிறது என்று அம்மா சொன்னதால் மூன்று பேருமாகப் போனோம். பஸ், சப்வே, பிறகு தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார். அப்பா எல்லா இடத்திலும் நிலத்தைப் பார்த்தபடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ரொறன்ரோவிலை இவ்வளவு சூயிங்கம் ஒட்டிக்கிடக்குதெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது," என்றார்.

ஏலக்கடை ஒரு பழைய கிடங்கு. அங்கே வேலை செய்யும் பெண் அதை ஒரு கறுப்புத் துணி விரித்த தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் எடுத்தேன். முதலில் தெரிந்தது பாரம். அவ்வளவு சின்னப் பொருளுக்கு அந்தப் பாரம் நியாயமே இல்லை. பிறகு குளிர். பிறகு, கையின் சூடு ஏற ஏற, அது குளிர் விட்டு என் கையின் சூட்டுக்கே வந்தது. முன்னால் பாய்கிற குதிரையின் நெஞ்சு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு குதிரை, அதற்குப் பின்னால் தலைகள், அதற்கும் பின்னால் ஈட்டிகள். கடைசி ஈட்டிகள் நகத்தால் கீறியதுபோலத்தான் இருந்தன. ஆனாலும் அவை தூரத்தில் நின்றன. ஒரு பிஸ்கற் தடிப்புக்குள் ஒரு மைல் தூரத்தை எப்படி வைத்தான் ஒருவன்? இதைப் பற்றி எழுதிய ஆள் நான். எழுதும்போது எனக்கு மூச்சு நிற்கவில்லை. இப்போது நின்றது.

அப்பாவைக் கதிரையில் இருத்தி, குனிந்திருந்த அவருடைய முகத்துக்கு நேர் கீழே, உள்ளங்கையில் அதை வைத்தேன். அந்த நேரம்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மடியை மட்டும் பார்க்கலாம் என்று விதிக்கப்பட்ட ஒரு மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான சிற்பம் உலகத்தில் இல்லை.

அவருக்குக் கண்ணால் அதிகம் தெரிந்திருக்காது. பெருவிரல்தான் போனது.

"குதிரை," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதென்ன, குதிரைக்குள்ளை குதிரை. ஒண்டுக்குமேலை ஒண்டு." பெருவிரல் மேலே ஏறியது. "கையை ஓங்கிக்கொண்டு ஒருத்தர் இருக்கிறார்." அங்கேயே நின்றது. "தம்பி, இது ஆர் தெரியுமே?"

"தெரியாதப்பா. ஒருத்தருக்கும் தெரியாது. பழைய ரோமரின்ரை சண்டை மாதிரிச் செய்திருக்கினம்."

"சந்தியோகுமையோர்."

"இல்லையப்பா. அவரெண்டால் கையிலை சிலுவைக் கொடி இருக்கும். தொப்பியிலை சிப்பி இருக்கும். இதிலை அப்பிடி ஒண்டுமில்லை."

அம்மா எட்டிப் பார்த்தார். "உடுப்பும் இல்லை! சந்தியோகுமையோர் உடுப்பில்லாமலோ சண்டைக்குப் போனவர்?"

"வெக்கைக்குக் கழட்டி வைச்சிருப்பார்," என்றார் அப்பா, தலை நிமிராமல். "நீர் அங்கை நிண்டு கண்டனீரே?"

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் இப்ப கண்டுகொண்டுதானே இருக்கிறன்."

அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என்ன சண்டை என்று அவளுக்கு விளங்கியிருக்காது. நான் குனிந்து, அப்பாவின் பெருவிரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். தகடு முழுக்கக் கறுத்த மண்ணிறம். அந்த வீரனின் ஓங்கிய கையும் நெஞ்சும் முகமும் மட்டும் தேன் நிறத்தில் மினுங்கின. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. தேய்ந்துபோயிருந்தது. வார்ப்பின் மழுங்கல் இல்லை அது. கையால் தேய்ந்தது. அப்பாவுக்கு முன் இதை வைத்திருந்தவர்கள் எல்லாருடைய பெருவிரலும் இதே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. வாங்கினவன், அவனுடைய மகன், அவனிடமிருந்து வாங்கினவன், கப்பலில் கொண்டுவந்தவன். ஆர் ஆரையெல்லாம் நினைத்துத் தடவினார்களோ. நான் புத்தகத்தில் படித்ததெல்லாம் சரிதான். இது சந்தியோகுமையோர் இல்லை. ஆனால் அந்த முகம் இல்லாத முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொருமுறை அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கு வேறு பிரச்சினை. "சண்டையையே காசு குடுத்து வாங்கி வீட்டை கொண்டுபோகப்போறம்? ஊரிலை நாங்கள் பாத்த சண்டை காணாதே?"

"வாங்கப்போறமெண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

"உங்கட அப்பாவின்ரை கையைப் பார்."

அப்பாவின் விரல்கள் அதைச் சுற்றி மூடியிருந்தன. அந்தப் பெண் தட்டை நீட்டியபடி நின்றாள். அப்பா மெல்லத்தான் விரலைத் திறந்தார். தட்டில் அது கிடந்தபோது அம்மா முதல்முறையாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். குதிரையின் முன்னங்காலுக்குக் கீழே விழுந்து கிடந்தான் ஒருவன். சின்ன ஆள், எங்கள் சுண்டுவிரல் நகத்தளவு. அம்மா ஒற்றை விரலால் அவனைத் தொட்டார்.

"உவனை ஒருத்தரும் தொடேல்லைப் போல. முகம் அப்பிடியே இருக்கு."

உண்மைதான். அவனுடைய வாய் திறந்திருந்தது. பல்வரிசைகூடத் தெரிந்தது. அத்தனை கைமாறியும் அவன்மேல் ஒரு விரலும் பட்டிருக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது ஸ்ரீற்காரில் அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அது என்ன விலைக்குப் போகும்?"

அவர் கேட்டது வேறு என்று மூன்று பேருக்கும் தெரியும். ஊருக்குப் போய்ப் பார்க்க ஏலாது. அடுத்த வருடம் கண் இருக்குமோ தெரியாது. கண் போனாலும் இருக்கக்கூடிய ஒன்றை அவர் இப்போது தொட்டுவிட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரிக்கெற் காசு கிடக்குத்தானே," என்றார். "ஆனா அதுக்குமேலை ஒரு சதமும் இல்லை. அதுக்குள்ளை கிடைச்சால் அவர் வரட்டும். கிடைக்காட்டில் அது அவரில்லை."

இரண்டு நாள் கழித்து ஏலம். கூடத்தில் கதிரைகள் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. அரைவாசிப் பேர் இணையத்தில்தான் கேட்பார்கள். மேடையில் வெள்ளி முடியுள்ள ஒரு பெண்மணி, கையில் கைப்பிடி இல்லாத சின்ன மரச் சுத்தியல். பக்கத்தில் கொம்பியூட்டரோடு ஒரு பெடியன், இணையத்தில் வருகிற விலையை அவன்தான் சொல்வான். இலக்கம் எழுதிய மட்டை என் பேரில், என் கையில். வீட்டிலேயே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். சுத்தியல் விழுகிற விலைக்கு மேலே நூற்றுக்கு இருபத்தைந்து ஏலக்கடைக்கு, அந்தக் கூட்டுத்தொகைக்கு மேலே பதின்மூன்று வீதம் வரி. ஆகவே இரண்டாயிரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் ஆயிரத்து நானூறோடு மட்டையை இறக்க வேண்டும்.

அப்பா குனிந்தபடி இருந்தார். பக்கத்துக் கதிரை மனிதர் அம்மாவிடம் மெதுவாக, இவர் செபிக்கிறாரா என்று இங்கிலிஷில் கேட்டார். அம்மா யோசிக்காமல், "யெஸ், யெஸ், பிறே," என்றார். அந்த மனிதர் மரியாதையோடு தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பொருள் வந்தது. திரையில் அதைக் கதவளவுக்குப் பெருப்பித்துக் காட்டினார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. நான்தான் பார்த்தேன்: குதிரைகளின் கழுத்து நரம்பு, கிழிந்த கொடி, தூசி எழும்புவதற்காகச் செதுக்கியவன் விட்ட வெறும் இடம். கதவளவுக்குப் பெருப்பித்தும் அந்தச் சண்டை உடையவில்லை, பெரிய சண்டையாகவே நின்றது. மட்டையை உயர்த்த மறந்துவிட்டேன். அம்மா விலாவில் இடித்தார்.

முந்நூறில் தொடங்கியது. கூடத்தில் ஒரு பெண் அறுநூறு வரை வந்து தலையாட்டி விலகினாள். பிறகு நாங்களும் இணையத்தில் ஆரோ ஒருவரும். ஆயிரம் அவர். ஆயிரத்து நூறு நான்.

"கூடத்தில் ஆயிரத்து நூறு," என்றார் மேடைப் பெண்மணி. "இணையத்தில்?" பெடியன் இல்லை என்று தலையாட்டினான். எதிர்ப்பக்கம் அடங்கிவிட்டது. அவர் சுத்தியலைத் தூக்கினார்.

"ருவெல்வ் ஹன்றெட்!"

அப்பாவின் குரல், ஆயிரத்து இருநூறு என்று இங்கிலிஷில். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் கடற்கரையில் பழகின குரல், கூடம் முழுக்கக் கேட்டது.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. ஆரோ சிரித்தார்கள். "ஐயா, ஆயிரத்து நூறு உங்களுடையதுதான்," என்றார் அந்தப் பெண்மணி, நல்ல விதமாகவே. "உங்களுக்கு எதிராக நீங்களே கேட்கத் தேவையில்லை."

நான் அப்பாவின் காதுக்குள், "அப்பா, எங்களுக்குத்தான் விழப்போகுது. சும்மா இருங்கோ," என்றேன்.

"தெரியும். நீ பன்னிரண்டெண்டு சொல்லு."

அதை அந்தப் பெண்மணிக்கு இங்கிலிஷில் எப்படி விளக்குவது? எங்கள் கோயிலில் திருவிழாப் பூசை முடிந்ததும் நேர்த்திப் பொருள்களை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். சேவல், வாழைக்குலை, முதல் காய்த்த மாம்பழம். பொருள் புனிதருடையது. அதை மலிவாக எடுத்துக்கொண்டு போனவன் என்று ஒருவனுக்குப் பேர் வரக்கூடாது. ஆகவே எதிரே கேட்க ஆளில்லாமல் போனதும், எடுக்கிறவன் தன் விலைக்கு மேலே தானே ஒருமுறை ஏற்றிச் சொல்லித்தான் எடுப்பான். ஒரு சேவலை ஆட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு வந்தவர் அப்பா என்பது எங்கள் வீட்டில் பெருமையான கதை. அது ஒரு மரியாதை. எதிராளி அடங்கிய பிறகு, காசு புனிதரோடு கதைக்கிற இடம் அது. எனக்கு இது தெரியும். தெரிந்தும், மில்லிக்கனிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் ஏறி வந்த இடத்தில் அப்பா அதைச் செய்வார் என்று எனக்கு ஒரு நிமிடமும் தோன்றவில்லை.

"குடும்பக் கதை ஒன்று, மன்னியுங்கோ," என்று நான் ஏதோ உளறிக்கொண்டிருந்தபோது பெடியன் கையைத் தூக்கினான்.

"இணையத்தில் ஆயிரத்து இருநூறு."

சுத்தியல் விழாமல் நின்ற அந்த இடைவெளியில், எங்கேயோ ஒரு வீட்டில், அந்த ஆள் மனதை மாற்றிக்கொண்டார்.

நான் ஆயிரத்து முந்நூறுக்கு மட்டையைத் தூக்கினேன். அவர் ஆயிரத்து நானூறு. அடுத்தது ஆயிரத்து ஐந்நூறு. அது எங்களிடம் இல்லை. மட்டையை மடியில் வைத்தேன்.

"என்ன நடக்குது?" என்றார் அப்பா.

"ஆயிரத்து நானூறு அவையள். எங்கட காசு முடிஞ்சுதப்பா."

அவர் சண்டை பிடிக்கவில்லை. "சரி. நான்தான் கெடுத்துப்போட்டன்," என்றார். "விடு." வெறும் உள்ளங்கையில் அவருடைய பெருவிரல் அசைந்துகொண்டிருந்தது. குதிரையின் நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து ஓங்கிய கைக்கு. இரண்டு நாளுக்கு முன் ஒருமுறை தொட்டது. ஒரு மடிப்பும் பிசகாமல் அவருக்குள் கிடந்தது.

அம்மா என் மடியிலிருந்து மட்டையை எடுத்தார். தலைகீழாகத்தான் பிடித்தார், ஆனால் உயரப் பிடித்தார்.

"ஆயிரத்து ஐந்நூறு, அம்மணி."

"அம்மா, காசு?" என்றேன்.

"பேசாமல் இரு. அங்கை விழுந்து கிடக்கிறவனை ஆரோ முகம் தெரியாதவனிட்டை விட்டிட்டுப் போகச் சொல்லுறியே?"

இணையம் ஆயிரத்து அறுநூறு. அம்மா மட்டையை இறக்கவே இல்லை, அதனால் ஆயிரத்து எழுநூறு. மேடைப் பெண்மணி பெடியனைப் பார்த்தார். பெடியன் திரையைப் பார்த்தான். அந்த மௌனத்தில் அப்பா மூச்சை உள்ளே இழுப்பது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. மற்றக் கையால் அப்பாவின் வாயைப் பொத்தினார்.

சுத்தியல் விழுந்தது.

பக்கத்து மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, செபம் பலித்துவிட்டது என்று எங்களுக்குக் கைகொடுத்தார்.

காசு கட்டும் இடத்தில், அன்றைக்குத் தட்டில் கொண்டுவந்து காட்டிய அந்த இளம்பெண் அதை மெல்லிய கடதாசியில் சுற்றப் போனாள். வேண்டாம் என்றேன். அப்பா கையை விரித்தபடி நின்றார். அவள் கொஞ்சம் தயங்கி, ஒரு குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் வைத்தாள். அப்பா அதை மூடவில்லை. குனிந்த முகத்துக்குக் கீழே திறந்த கையில் அந்தப் போர்க்களம் கிடந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழ, குதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்டதுபோல இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த இளம்பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அம்மா தன் வங்கி அட்டையை எடுத்தார். "அண்ணனுக்கு ஆர் சொல்லுறது?" என்றேன். "நான் சொல்லுறன். முதல் எவ்வளவெண்டு வாசி," என்றார். "அப்பாவுக்கும் கேக்கவேணும். சதமும் விடாமல் வாசி."

வாசித்தேன்: இரண்டாயிரத்து நானூற்றொரு டொலர், இருபத்தைந்து சதம்.